அடக்கவிலை எங்கே இடிக்கிறது? அறிகுறி வாரியாகப் பிழை தேடும் வழிமுறை

மாதக் கணக்கை முடித்து அடக்கவிலை அறிக்கையை மேசையில் வைத்ததும், "என்ன இந்த மாதம் இவ்வளவு ஏறியிருக்கிறது?" என்ற கேள்வி வரும். உடனே எல்லோரும் செலவுப் பேரேட்டைத் திறப்பார்கள். எந்த பில் புதிதாக வந்தது, எந்தத் துறை அதிகம் செலவழித்தது என்று தேடுவார்கள்.

ஒரு பீஸின் அடக்கம், அதாவது அதைச் செய்து முடிக்க ஆகும் செலவு, ஒரு வகுத்தல் கணக்கு. மேலே செலவு; கீழே எண்ணிக்கை, அல்லது மணி, அல்லது கிலோ. மேலே இருப்பதற்கு பில் இருக்கிறது, வவுச்சர் இருக்கிறது, ஆடிட்டர் வருடா வருடம் தட்டிப் பார்க்கிறார். கீழே இருப்பதை ஷிஃப்ட் முடிகிற அவசரத்தில் யாரோ ஜாப் கார்டில் (ஒவ்வொரு வேலைக்கும் எண்ணிக்கையும் நேரமும் குறிக்கும் அட்டை) கிறுக்கியிருப்பார். நான் இதுவரை தேடிப் பிடித்த பிழைகளில் பெரும்பாலானவை கீழேதான் இருந்தன. அதனால் எந்த அறிகுறி வந்தாலும் நான் போகிற வரிசை ஒன்றுதான்: முதலில் எண்ணிக்கை, அப்புறம் நேரம், கடைசியில் விலை.

உதாரணங்களில் வரும் தொகைகளுக்கு நாணயம் போடவில்லை. எந்த நாணயத்தில் படித்தாலும் கணக்கு மாறாது.

தொடங்கும் முன் ஒரு சோதனை

நான்கு தாள்கள் கையில் வேண்டும். அந்த மாதத்தின் தொடக்க, இறுதி இருப்பு (நேரில் எண்ணியது, கம்ப்யூட்டர் சொல்வது போதாது), உற்பத்திப் பதிவேடு, பிஓஎம் எனப்படும் பொருள் பட்டியல் (ஒரு பீஸுக்கு எந்தப் பொருள் எவ்வளவு என்று சொல்வது), மெஷின் ஹவர் ரேட் (இயந்திரம் ஒரு மணி ஓட ஆகும் செலவு) எப்படி வந்தது என்ற கணக்கு. நான்காவது தாள் பல தொழிற்சாலைகளில் இருக்காது. "போன வருடம் போட்ட ரேட்" என்பார்கள். போன வருடம் எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டால், அதற்கு முந்தைய வருட ரேட்டில் கொஞ்சம் ஏற்றியதாக இருக்கும். அப்படியென்றால் மற்ற எதையும் தொடாமல் முதலில் அந்தத் தாளைத் தயார் செய்யுங்கள்.

பிறகு, செலவில் பெரிய பங்கு வகிக்கும் ஐந்து பொருட்களுக்கு மட்டும் ஒரு கணக்குப் போடுங்கள். தொடக்க இருப்போடு கொள்முதலைக் கூட்டி இறுதி இருப்பைக் கழித்தால் உண்மையில் எவ்வளவு பயன்பட்டது என்று தெரியும். உற்பத்தி எண்ணிக்கையை பிஓஎம் அளவால் பெருக்கினால் எவ்வளவு பயன்பட்டிருக்க வேண்டும் என்று தெரியும். இரண்டுக்கும் இடைவெளி எங்கே பெரிதோ அங்கிருந்து தொடங்கலாம். இடைவெளியே இல்லையென்றால் கடைசி அறிகுறியை முதலில் படியுங்கள்.

அறிகுறி: விற்பனை கூடிய மாதத்தில் லாபம் குறைகிறது, விற்காத மாதத்தில் லாபம் கொட்டுகிறது

பார்க்க வேண்டிய இடம் இருப்பு. வேறு எதையும் பார்ப்பதற்கு முன் அந்த மாதம் எத்தனை பீஸ் செய்தோம், எத்தனை விற்றோம் என்று இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

ஒரு பொருள். விற்பனை விலை 190. மாறும் செலவு, அதாவது உற்பத்தியோடு சேர்ந்து ஏறி இறங்கும் செலவு, பீஸுக்கு 100. வாடகை, சம்பளம், தேய்மானம் என்று நிலையான உற்பத்திச் செலவு மாதம் 6 லட்சம். வழக்கமான உற்பத்தி மாதம் 10,000 பீஸ் என்பதால் பீஸுக்கு 60 ஏற்றுகிறோம். ஆக அடக்கம் 160, பீஸுக்கு லாபம் 30.

முதல் மாதம் 12,000 செய்து 8,000 விற்கிறோம். 8,000 பீஸில் 2,40,000 லாபம். வழக்கமான 10,000-க்கு மேல் செய்த 2,000 பீஸ் மீது நிலையான செலவு தேவைக்கு மேல் 1,20,000 ஏற்றப்பட்டுவிட்டதால் அதுவும் லாபத்தில் சேர்கிறது. அறிக்கை 3,60,000 என்று சிரிக்கும். இரண்டாம் மாதம் 7,000 செய்து 10,500 விற்கிறோம். 3,15,000 லாபத்திலிருந்து, ஏற்றப்படாமல் நின்ற 3,000 பீஸுக்கான 1,80,000 கழிகிறது. மிச்சம் 1,35,000. அதிகம் விற்ற விற்பனைப் பிரிவுக்குத்தான் திட்டு விழும்.

இதையே மாறும் செலவை மட்டும் பொருளில் ஏற்றிப் பார்த்தால், முதல் மாதம் 8,000 பீஸுக்குத் தலா 90 என்று 7,20,000 வருகிறது. 6 லட்சம் போக 1,20,000. இரண்டாம் மாதம் 9,45,000-இல் 6 லட்சம் போக 3,45,000. முதல் மாதத்தில் இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசம் 2,40,000. அது எங்கே போனது? கிடங்கில் உட்கார்ந்திருக்கும் 4,000 பீஸின் தலையில், பீஸுக்கு 60 வீதம். இந்தக் குழப்பம் நேற்றுப் பிறந்ததில்லை. அமெரிக்காவில் ஜோனதன் ஹாரிஸ் என்பவர் 1936-இலேயே இதை எழுதி, மாறும் செலவு முறையைப் பேசுபொருள் ஆக்கினார்.

சரி, என்ன செய்வது? நிர்வாகத்துக்குப் போகும் மாத அறிக்கையில் இரண்டு லாபத்தையும் காட்டி, நடுவில் ஒரே வரியில் "இருப்பில் ஏறிய நிலையான செலவு" என்று போடுங்கள். வெளியாருக்குக் காட்டும் கணக்கில் மாறும் செலவு முறையில் இருப்பை மதிப்பிட முடியாது. சர்வதேசக் கணக்கியல் தரமான ஐஏஎஸ் 2, நிலையான உற்பத்திச் செலவை வழக்கமான உற்பத்தித் திறனை வைத்து ஏற்றச் சொல்கிறது. உற்பத்தி குறைந்தால் ஏறாமல் நின்றதை அந்தக் காலத்துச் செலவாகவே எழுத வேண்டும். பீஸ் மீது கூட்டி ஏற்றக் கூடாது. உற்பத்தி வழக்கத்துக்கு மாறாக உயர்ந்தால் பீஸுக்கான தொகையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நம் முதல் மாதத்தில் 6 லட்சத்தை 12,000-ஆல் வகுத்து 50 என்று வைத்தால் இருப்பு 160-க்குப் பதில் 150-க்கு நிற்கும், லாபம் 3,20,000 ஆகும். பல மென்பொருட்களில் இந்த இறக்கத்தை நாமாகத்தான் பதிவு போட வேண்டும். தானாக நடந்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள்.

அறிகுறி: மூலப்பொருள் கணக்கில் இருக்கிறது, ஸ்டோரில் இல்லை

இந்த அறிகுறி வந்தால் முதல் சந்தேகம் ஸ்டோர்கீப்பர் மேல் விழும். நானும் ஒருமுறை அந்தப் பாவத்தைச் செய்திருக்கிறேன். இரும்புத் தகட்டை வெட்டி அழுத்திப் பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை. வருட இறுதியில் எண்ணினால் தகட்டில் ஏறக்குறைய ஒரு டன் குறைகிறது. கேட் பதிவேடு, பூட்டு, சாவி என்று இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் ஒரு பழைய ஃபோர்மேன் மைக்ரோமீட்டரை எடுத்து வந்து தகட்டின் ஓரத்தில் வைத்தார். 2.1 என்று காட்டியது. எங்கள் கணக்கில் அது 2 மில்லிமீட்டர் தகடு.

கணக்கைப் பாருங்கள். 1250-க்கு 2500 அளவுள்ள 2 மில்லிமீட்டர் தகடு, எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ என்று வைத்தால் 49.06 கிலோ வரும். உற்பத்திக்குக் கொடுக்கும்போது தகடுகளை எண்ணி, தகட்டுக்கு 49.06 என்று பெருக்கிக் கழித்தோம். வாங்கும்போதோ எடைமேடையில் நிறுத்தி வாங்கினோம். 2.1 மில்லிமீட்டர் தகடு 51.5 கிலோ. ஒவ்வொரு தகட்டிலும் கிட்டத்தட்ட 2.45 கிலோ கணக்கில் மட்டும் தங்கிவிட்டது. 400 தகடு ஓடினால் 980 கிலோ. யாரும் எதையும் எடுத்துப் போகவில்லை. தடிமன் ஏற்கத்தக்க வரம்புக்குள்தான் இருந்தது, சப்ளையர் மேலும் குறை சொல்ல முடியாது. ஸ்டோர்கீப்பரிடம் நான் மன்னிப்புக் கேட்டது தனிக்கதை.

எடைக்கு வாங்கி எண்ணிக்கைக்குச் செலவழிக்கும், நீளத்துக்கு வாங்கி எடைக்குச் செலவழிக்கும் எல்லாப் பொருளிலும் இந்தப் பிழை ஒளிந்திருக்கும்: கம்பி, குழாய், பிளாஸ்டிக் ஃபிலிம், துணி, காகிதச் சுருள். லாரி வாரியாகச் சராசரி எடையை எடுத்து, அந்த எடையிலேயே உற்பத்திக்குக் கழித்தால் பிரச்சினை தீரும்.

இது இல்லையென்றால் பிஓஎம்மைத் திறங்கள். அதில் இருப்பது பாகத்தின் நிகர எடையா, வெட்டும் முன் உள்ள எடையா? அதே தகட்டில் 40 பாகம் வெட்டலாம், ஒவ்வொன்றும் 0.9 கிலோ என்றால், பிஓஎம்மில் இருக்க வேண்டியது 49.06-ஐ 40-ஆல் வகுத்த 1.227 கிலோ. டிசைன் பிரிவு வரைபடத்திலிருந்து 0.9-ஐ அப்படியே ஏற்றியிருந்தால் பீஸுக்கு 0.327 கிலோ கணக்கிலேயே வராது. அந்தக் கழிவை ஸ்கிராப்பாக விற்ற பணம் "இதர வருமானம்" தலைப்பில் போய்ச் சேர்ந்திருந்தால், பொருளின் அடக்கத்தில் ஸ்கிராப் வரவு இல்லாமலும், மூலப்பொருள் செலவு குறைவாகவும், இரண்டு பிழையும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கும்.

சேத சதவீதத்தையும் பாருங்கள். 20 சதவீதம் சேதமாகும் என்றால் பலர் 1.20-ஆல் பெருக்குகிறார்கள். 100 கிலோ நல்ல பொருள் வேண்டுமென்றால் 100-ஐ 0.80-ஆல் வகுக்க வேண்டும். 125 கிலோ வரும். 5 கிலோ எங்கே என்று அப்புறம் தேட வேண்டியிருக்காது. இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு: பிஓஎம்மில் சேதம் சேர்த்தாயிற்று, அடக்கம் கணக்கிடும் தாளான காஸ்ட் ஷீட்டிலும் யாரோ நல்லெண்ணத்தில் இன்னொரு முறை சேர்த்திருப்பார்.

கடைசியாக ஒன்று. உற்பத்தி பதிவானதும் பிஓஎம் அளவுப்படி மென்பொருளே ஸ்டோரிலிருந்து கழித்துக்கொள்ளும் ஏற்பாடு உங்களிடம் இருந்தால், மாதா மாதம் பொருள் பயன்பாடு கனகச்சிதமாகத் தெரியும். தவறு முழுவதும் சேர்ந்து இருப்பு எண்ணும் நாளில் ஒரேயடியாக வெடிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் வருடத்துக்கு ஒருமுறை எண்ணுவது போதாது. பெரிய ஐந்து பொருளை வாரம் ஒன்றாகச் சுழற்சியில் எண்ணுங்கள்.

அறிகுறி: கொள்முதல் பிரிவு மிச்சம் பிடித்ததாகச் சொல்கிறது, அடக்கம் இறங்கவில்லை

மாறுபாடு என்பது முன்பே நிர்ணயித்த அளவுக்கும் உண்மையில் ஆனதற்கும் உள்ள வித்தியாசம். விலை மாறுபாட்டையும் அளவு மாறுபாட்டையும் ஒரே தாளில் வையுங்கள். தரப்படுத்திய (முன்பே நிர்ணயித்த) கணக்கு: பீஸுக்கு 10 கிலோ, கிலோ 50, மொத்தம் 500. கொள்முதல் பிரிவு 46-க்கு வாங்கிவிட்டது. ஆனால் அந்தப் பொருளில் 11.2 கிலோ தேவைப்பட்டது. விலையில் 44.80 மிச்சம், அளவில் 60 நஷ்டம். உண்மையில் 515.20 ஆனது, அதாவது 15.20 கூடிவிட்டது.

இதோடு நின்றால் பரவாயில்லை. மட்டமான பொருள் இயந்திரத்தை மெதுவாக ஓட வைக்கும், டூல் சீக்கிரம் தேயும், ரீவொர்க், அதாவது திரும்பச் சரிசெய்யும் வேலை, கூடும். அவை வேறு தலைப்புகளில் வேறு ஆட்களின் குறையாகப் பதிவாகும். விலை மாறுபாட்டில் கொள்முதல் பிரிவுக்குப் பாராட்டு, அளவு மாறுபாட்டில் உற்பத்திப் பிரிவுக்குத் திட்டு என்று பிரித்துக் கொடுக்கும் அறிக்கை சண்டையை மட்டும்தான் உற்பத்தி செய்யும். இரண்டையும் சப்ளையர் வாரியாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஜாப் கார்டில் எந்த லாட் பொருள் என்று ஒரு கட்டம் இருந்தாலே போதும்.

விலையில் சரக்குக் கூலி சேர்ந்திருக்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள். தூரத்துச் சப்ளையர் எப்போதும் பில்லில் மலிவாகத்தான் தெரிவார்.

அறிகுறி: ஒவ்வொரு ஆர்டரிலும் லாபம், மொத்தத்தில் நஷ்டம்

ஆர்டர்களை மதிப்பு வாரியாக அடுக்காமல் லாட் அளவு (ஒரே ஓட்டத்தில் செய்யும் பீஸ் எண்ணிக்கை) வாரியாக அடுக்குங்கள். விடை பெரும்பாலும் கீழ்ப்பக்கத்தில், சின்ன லாட்டுகளில் கிடக்கும்.

மெஷின் ஹவர் ரேட் 800. ஒரு பீஸ் ஓட ஒன்றரை நிமிடம், அதாவது 20. டை எனப்படும் அச்சை மாற்றிச் சரிபார்த்து முதல் நல்ல பீஸ் வர 3 மணி நேரம், அதாவது 2,400. இதுதான் செட்டப். லாட் 2,000 பீஸ் என்றால் செட்டப் பீஸுக்கு 1.20 மட்டுமே. லாட் 50 என்றால் 48. ஒரே பொருள், ஒரே இயந்திரம், ஒன்று 21.20, மற்றது 68. காஸ்ட் ஷீட்டில் லாட் அளவு 2,000 என்று உறைந்து போயிருந்தால், 50 பீஸ் கேட்டு வருகிறவருக்கும் 21.20 அடக்கத்தில்தான் விலை சொல்வீர்கள். அவர் சந்தோஷமாகத் திரும்பத் திரும்ப வருவார். பெரிய லாட் வாங்குகிறவர், செட்டப்பின் ஒரு பகுதி பொது மேற்செலவாகத் தன் தலையில் கட்டப்பட்டதால், வேறு இடம் பார்த்துப் போவார்.

செட்டப்பைப் போலவே லாட் வாரியாக நடக்கும் மற்ற வேலைகளும் உண்டு: முதல் பீஸ் பரிசோதனை, ஆர்டர் பதிவு, தனி பேக்கிங், தனி லாரி. இவற்றைச் செயல்வாரியாகப் பிரித்து ஏற்றும் முறையை 1980-களில் ராபின் கூப்பரும் ராபர்ட் கப்லனும் பரப்பினார்கள். அதை முழுவதும் அமல்படுத்தப் போகிறேன் என்று இறங்கினால் நூற்றுக்கணக்கான செயல்களைப் பட்டியல் போட்டு, ஆறு மாதத்தில் களைத்துப் போவீர்கள். என் அனுபவத்தில் செட்டப் நேரத்தை மட்டும் தனியாகப் பிரித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். ஜாப் கார்டில் "செட்டப் தொடக்கம், ஓட்டம் தொடக்கம், முடிவு" என்று மூன்று நேரம் கேளுங்கள். இப்போதைக்கு அது போதும்.

அறிகுறி: மெஷின் ஹவர் ரேட் வருடா வருடம் ஏறுகிறது, ஆர்டர் வருடா வருடம் குறைகிறது

இரண்டும் தனித்தனி என்று நினைத்தால் நினைத்துக்கொண்டே இருக்கலாம். ஒரு இயந்திரத்தின் வருடாந்தர நிலையான செலவை மாதத்துக்குப் பிரித்தால் 3,20,000. ஓடக்கூடிய நேரம், பராமரிப்பெல்லாம் போக, 400 மணி. ரேட் 800. ஆர்டர் குறைந்து 300 மணிதான் ஓடியது. 3,20,000-ஐ 300-ஆல் வகுத்து ரேட்டை 1,067 ஆக்குகிறார் கணக்காளர். அந்த ரேட்டில் கொட்டேஷன் போனதும் இன்னும் சில ஆர்டர் கையை விட்டுப் போகிறது. 250 மணி. ரேட் 1,280. கணக்கு ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் இருக்கிறது, தொழிற்சாலைதான் காலியாகிறது.

ரேட் போடும்போது செலவை எப்போதும் ஓடக்கூடிய மணியால் வகுங்கள், ஓடிய மணியால் வேண்டாம். ரேட் 800-லேயே நிற்கட்டும். 300 மணிக்கு 2,40,000 பொருளில் ஏறும். மீதி 80,000 "சும்மா நின்ற இயந்திரத்தின் செலவு" என்று தனி வரியாக நிற்கட்டும். அந்த வரியைப் பார்த்து விற்பனைப் பிரிவும் நிர்வாகமும் பேசட்டும். எந்த வேலை எப்போது என்று காட்டும் கான்ட் சார்ட்டைத் திட்டமிடுகிறவர்கள் எல்லோரும் வரைகிறார்களே, அந்த ஹென்றி கான்ட் 1915-இல் சொன்னதே இதுதான்: ஓடாத இயந்திரத்தின் செலவை, ஓடிய இயந்திரத்தில் செய்த பொருளிடம் வசூலிக்கக் கூடாது. நூறு வருடத்துக்கு மேலாகியும் காலி மணிகளைப் பொருளின் விலையில் கரைக்கும் பழக்கம் போகவில்லை.

ஓடக்கூடிய மணியை எப்படி முடிவு செய்வது என்பதில் ஏமாந்துவிடாதீர்கள். நாளுக்கு 24 மணி, மாதம் 30 நாள் என்று 720 போட்டால் ரேட் அழகாக இறங்கும். ஆள் ஒரே ஷிஃப்டுக்குத்தான் இருப்பார். ஷிஃப்ட் நேரத்தில் இடைவேளை, திட்டமிட்ட பராமரிப்பு, வழக்கமான செட்டப் ஆகியவற்றைக் கழித்து வரும் எண்ணை எடுங்கள். செட்டப்புக்கு மேலே சொன்னபடி தனியாகக் காசு ஏற்றுகிறீர்கள் என்றால் அதைக் கழிக்காதீர்கள். ஒரே மூன்று மணிக்கு இரண்டு முறை பணம் கேட்டதாகிவிடும்.

அறிகுறி: ஒவ்வொரு பிரிவும் சேதம் குறைவு என்கிறது, நல்ல பீஸ் வெளியே வருவது குறைவாக இருக்கிறது

நான்கு நிலைகள். ஒவ்வொன்றும் தரும் நல்ல பீஸ் 97, 96, 95, 98 சதவீதம். எதுவும் 95-க்குக் குறையவில்லை. ஆனால் நான்கையும் பெருக்கினால் 86.7. நூறு நல்ல பீஸுக்கு 116 பீஸ் தொடங்க வேண்டியிருக்கிறது. சதவீதங்களைச் சராசரி எடுக்காமல் பெருக்குங்கள்.

அப்புறம், எங்கே விழுந்தது என்று பாருங்கள். முதல் நிலையில் விழுந்த பீஸ் மூலப்பொருளை மட்டும்தான் கொண்டு போகும். நான்காம் நிலையில் விழுந்தது மூன்று நிலைகளின் கூலி, மின்சாரம், இயந்திர நேரம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு போகும். ஆகவே ரிஜெக்ஷன் அறிக்கையில் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அந்த நிலை வரை ஏறிய அடக்கத்தையும் போட வேண்டும்.

கணக்கில் அதிகம் குழம்புவது வழக்கமான சேதமும் வழக்கத்துக்கு மாறான சேதமும். 1,000 கிலோ, கிலோ 60 வீதம் 60,000-க்கு உள்ளே போகிறது. 5 சதவீதம் வழக்கமான சேதம், கழிவு கிலோ 8-க்கு விலை போகும். அந்த 50 கிலோ 400 தரும். மிச்சச் செலவு 59,600-ஐ 950-ஆல் வகுத்தால் 62.74. இந்த முறை 920 கிலோதான் வந்தது. அப்போதும் நல்ல பொருளின் அடக்கம் 62.74 தான். குறைந்த 30 கிலோவின் 1,882-ஐ, அந்தக் கழிவு விற்று வரும் 240 போக, நேராக லாபநட்டக் கணக்குக்கு எடுத்துச் செல்லுங்கள். மொத்தத்தையும் 920-ஆல் வகுத்து 64.52 என்று வைத்தால் அன்றைக்கு நடந்த கோளாறின் செலவு இருப்பில் ஒளிந்துகொள்ளும். அடுத்த கொட்டேஷனிலும் அது விலையாகப் போய் நிற்கும்.

அறிகுறி: உற்பத்தியில் இருக்கும் சரக்கின் மதிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது

பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஜாப் ஆர்டர்களை வயது வாரியாக அடுக்கி, 60 நாளுக்கு மேல் திறந்திருப்பதை அச்செடுத்துக்கொண்டு தளத்தில் நடங்கள். பொருள் டெலிவரி ஆகி மாதக்கணக்கான ஆர்டர்கள் மூடப்படாமல் இருக்கும். ரிஜெக்ட் ஆன பீஸ்கள் பதிவாகாமல் இருக்கும். ஒரு மூலையில் தூசி படிந்து நிற்கும் தட்டுகளுக்கு யாரிடமும் விடை இருக்காது. ஒரே நாளில் முடியக்கூடிய வேலை இது, ஆனால் கணக்காளர் நாற்காலியை விட்டு எழ வேண்டும்.

அறிகுறி: ஒரு மாதம் மட்டும் அடக்கம் துள்ளுகிறது, அடுத்த மாதம் விழுகிறது

நேரப் பிழை. பொருள் வந்து ஜிஆர்என் (சரக்கு பெற்றதற்கான பதிவு) போட்டாயிற்று, சப்ளையர் இன்வாய்ஸ் வரவில்லை. மின்கட்டணக் கணக்கெடுப்பு மாதத்தின் நடுவில் நடக்கிறது. வருடாந்தரப் பராமரிப்பு ஒரே மாதத்தில் விழுகிறது. மின்சாரத்துக்கு மாதக் கடைசி நாளில் நீங்களே மீட்டரைப் படித்து எழுதி வைத்தால் போதும். மற்றவற்றுக்கு மதிப்பீட்டுப் பதிவு, அதாவது அந்தந்த மாதத்துக்கு உரிய தொகையை மதிப்பிட்டு அந்த மாதத்திலேயே எழுதுவது.

அறிகுறி: செலவைக் குறைத்தோம் என்று அறிக்கை சொல்கிறது, வங்கிக் கணக்கு சொல்லவில்லை

முதல் உதாரணத்தின் பொருளையே எடுத்துக்கொள்வோம். அடக்கம் 160. வெளியே ஒருவர் 130-க்குச் செய்து தருகிறேன் என்கிறார். பீஸுக்கு 30 மிச்சம், மாதம் 3,000 பீஸ் கொடுத்தால் 90,000 மிச்சம் என்று யாராவது அழகாகப் பவர்பாயிண்ட் போடுவார்.

அந்த 160-இல் 60 நிலையான செலவு. பொருளை வெளியே கொடுத்ததும் வாடகை குறையாது, தேய்மானம் குறையாது, சூப்பர்வைசர் வீட்டுக்குப் போகப் போவதில்லை. நின்றுபோவது மாறும் செலவு 100 மட்டும், அதாவது 3,00,000. வெளியே போவது 3,90,000. மாதம் 90,000 கையைக் கடிக்கிறது. போதாததற்கு, அந்த 3,000 பீஸ் சுமந்துகொண்டிருந்த 1,80,000 மீதிப் பொருட்களின் தலையில் ஏறி, அவற்றையும் வெளியே கொடுத்தால் மலிவு என்று காட்டத் தொடங்கும்.

வெளியே கொடுப்பது சரியாகும் இடங்களும் உண்டு. காலியாகும் இயந்திரத்துக்கு வேறு ஆர்டர் காத்திருக்கிறது, அல்லது நிலையான செலவில் ஒரு பகுதியை உண்மையிலேயே நிறுத்த முடியும் என்றால் கணக்கு மாறும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதைச் செய்தால் எந்த பில் வராமல் நிற்கும்? பில்லின் பெயரைச் சொல்ல முடியாத மிச்சத்தை அறிக்கையில் சேர்க்காதீர்கள். ஒரு வேலையில் 5 நிமிடம் குறைத்ததற்கும் இதே கேள்விதான். மாதச் சம்பள ஆளின் 5 நிமிடம், கூடுதலாக ஒரு பீஸ் செய்து விற்றால்தான் பணமாகும். இல்லாவிட்டால் ஓவர்டைம் குறைய வேண்டும்.

அறிகுறி: மாறுபாடே இல்லை

எனக்கு அதிகம் வயிற்றைக் கலக்குவது இந்த அறிக்கைதான். பொருள், கூலி, நேரம் எல்லாம் தரப்படுத்திய அளவோடு ஒட்டியே வருகிறது. உயிருள்ள தொழிற்சாலையில் இது நடக்காது. யாரோ மாதா மாதம் தர அளவையே உண்மைச் செலவுக்கு இழுத்துச் சரிசெய்கிறார், அல்லது ஜாப் கார்டை இயந்திரத்துக்குப் பக்கத்தில் எழுதாமல் மாலையில் அலுவலகத்தில் உட்கார்ந்து தர அளவைப் பார்த்து நிரப்புகிறார்கள்.

ஒரு கட்டு ஜாப் கார்டை எடுத்து நேரப் பத்தியை மட்டும் பாருங்கள். எல்லாம் 10, 15, 30 என்று முடிகிறதா? 37 நிமிடம், 52 நிமிடம் என்று எங்குமே இல்லையா? ஒரே பேனா, ஒரே கையெழுத்து, மூன்று ஷிஃப்டுமா?

அப்படியென்றால் போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச்சை எடுத்துக்கொண்டு அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஆபரேட்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவரைச் சோதிக்க வரவில்லை என்று. முதல் நான்கைந்து பீஸ் வேகமாக வரும். நீங்கள் நிற்பதால் வருகிற வேகம் அது, விட்டுவிடுங்கள். அதற்குப் பின் 20 பீஸ் எண்ணுங்கள். நடுவில் பொருள் தீர்ந்து அவர் எழுந்து போனால் அந்த நேரத்தையும் நிறுத்தாமல் ஓட விடுங்கள். வந்த எண்ணை அதே வேலையின் பழைய கார்டுக்குப் பக்கத்தில் எழுதிக் காட்டினால், ஆபரேட்டரே சிரித்துக்கொண்டு உண்மையான நேரத்தைச் சொல்லிவிடுவார்.